டியூபுலரா, லித்தியமா, பிளாட் பிளேட்டா? வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியை எதை வைத்து முடிவு செய்வது

கும்பகோணம் பக்கம் அம்மா வீட்டுக்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி வாங்கிப் போட்டபோது, "நாலரை மணி நேரம் தாராளமா ஓடும்" என்று கடையில் சொன்னார்கள். அடுத்து வந்த பராமரிப்பு மின்நிறுத்தத்தன்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. பதினொன்றரைக்கு இன்வர்ட்டர் கத்தி ஓய்ந்துவிட்டது. "புது பேட்டரிதானேடா, அதுக்குள்ள தீந்துபோச்சே" என்று அம்மா போன் செய்தார்.

பேட்டரியில் கோளாறு இல்லை. கடைக்காரர் போட்ட பெருக்கலிலும் பிழை இல்லை. 150ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800. மூன்று மின்விசிறி, மூன்று டியூப்லைட், டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை எல்லாம் சேர்ந்து 400 வாட். 1,800ஐ 400ஆல் வகுத்தால் நாலரை. அந்த 1,800 எந்தச் சூழ்நிலையில் அளந்த எண் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு பேட்டரி வாங்கப்போகிற உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே: டியூபுலர் போதுமா, லித்தியத்துக்குப் போகலாமா? விலை குறைவாக இருக்கிறதே என்று பிளாட் பிளேட்டைப் பார்த்து நிற்பவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## முதலில் அந்த 150 என்ன சொல்கிறது

பேட்டரியின் உடம்பில் 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சி20 என்று சின்னதாக எழுதியிருக்கும். 20 மணி நேரத்தில் காலியாகும்படி மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் மட்டும் எடுத்தால் 150 கிடைக்கும் என்று பொருள். நம் ஊர் அளவீட்டில் இது 27 டிகிரி வெப்பநிலைக்கான கணக்கு.

நம் வீட்டில் யாரும் 7.5 ஆம்பியர் எடுப்பதில்லை. 400 வாட் சுமை என்றால், இன்வர்ட்டர் தானே தின்றுவிடும் பங்கையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 42 ஆம்பியர் போகிறது. டியூபுலர், பிளாட் பிளேட் இரண்டுமே ஈய-அமில பேட்டரிகள். இந்த வகையில் வேகமாக எடுக்க எடுக்க மொத்தக் கொள்ளளவே சுருங்கும். தட்டுக்குள் இருக்கும் நுண்துளைகளுக்குப் புது அமிலம் ஊடுருவ நேரம் வேண்டும். அதற்குள் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897இலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். அதைப் போட்டுப் பார்த்தால் 42 ஆம்பியர் வேகத்தில் அந்த 150 ஏறக்குறைய 106 ஆகிவிடுகிறது. 106ஐ 42ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரம். அம்மா வீட்டில் ஓடியது சரியாக அந்த இரண்டரைதான்.

இதன் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. சுமையைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பை விட அதிகமாகும். அதே பேட்டரியில் 200 வாட் ஓட்டினால் ஐந்து மணி நேரம் அல்ல, ஆறு மணி நேரத்துக்கு அருகில் வரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையையும் ஆம்பியர்-மணியையும் மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டில் வித்தியாசத்தைக் காட்டுபவை வேறு.

கரண்ட் எப்படிப் போகிறது. மாதம் ஒருமுறை காலை 9 முதல் பிற்பகல் வரையா? தினமும் அரை மணி, ஒரு மணி என்று பலமுறையா? புயல் வந்தால் மட்டும் நாள்கணக்கிலா?

இடையில் எவ்வளவு நேரம் கரண்ட் இருக்கிறது. இதைக் கேட்டு விற்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பேட்டரி சீக்கிரம் சாவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

சுமை எவ்வளவு. ஊகிக்க வேண்டாம். கரண்ட் போனால் எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதி வாட்டைக் கூட்டுங்கள்.

எங்கே வைக்கப் போகிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே நிழலிலா, மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலா?

தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது உண்மையான கேள்வி.

எத்தனை சதவீதம் வரை காலி செய்யலாம். முழுக்கக் காலி செய்தால் எந்தப் பேட்டரியும் ஆயுளை இழக்கும். பிளாட் பிளேட்டைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் நல்லது. டியூபுலரை 80 சதவீதம் வரை இறக்கலாம், லித்தியத்தை 90 வரை.

கீழே உள்ளது நான் போட்ட கணக்கு. இன்வர்ட்டரின் செயல்திறனை 80 சதவீதம் என்று வைத்தேன். ஈய-அமிலம் இரண்டுக்கும் பாய்க்கர்ட் எண் (வேகமாக எடுத்தால் கொள்ளளவு எவ்வளவு சுருங்கும் என்பதைக் காட்டும் எண்) 1.2. மேலே சொன்ன எல்லை வரை மட்டும் காலி செய்வதாக எடுத்துக்கொண்டேன்.

| சுமை | அட்டைக் கணக்கு (150 × 12) | பிளாட் பிளேட் 150 | டியூபுலர் 150 | லித்தியம் 100 |
|---|---|---|---|---|
| 150 வாட் | 12 மணி | 4 மணி 10 நிமிடம் | 6 மணி 40 நிமிடம் | 6 மணி 10 நிமிடம் |
| 200 வாட் | 9 மணி | 2 மணி 55 நிமிடம் | 4 மணி 40 நிமிடம் | 4 மணி 35 நிமிடம் |
| 400 வாட் | 4 மணி 30 நிமிடம் | 1 மணி 15 நிமிடம் | 2 மணி | 2 மணி 20 நிமிடம் |
| 600 வாட் | 3 மணி | 45 நிமிடம் | 1 மணி 15 நிமிடம் | 1 மணி 30 நிமிடம் |

அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருப்பது 150 இல்லை, 100 ஆம்பியர்-மணி லித்தியம். எண்ணில் மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஆனாலும் 200 வாட் அருகே இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழே டியூபுலர் முந்துகிறது, மேலே லித்தியம். "லித்தியம் 100 போட்டால் டியூபுலர் 150க்குச் சமம்" என்று கடையில் சொல்வது உண்மையா என்று கேட்டால், உங்கள் சுமையைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது.

## பிளாட் பிளேட்

ஈயச் சட்டத்தின் மேல் பசைபோல் பூசப்பட்ட தட்டு. உள்தடை குறைவு என்பதால் கொஞ்ச நேரத்துக்கு நிறைய மின்சாரம் கொடுக்கும். ஆழமாகக் காலி செய்து காலி செய்து ஏற்றினால் அந்தப் பூச்சு உதிர்ந்து அடியில் தங்கும்.

நகரத்தில், வருடத்துக்குச் சில முறை பத்து இருபது நிமிடம் மட்டும் கரண்ட் போகிற வீட்டுக்கு இது போதும். வாடகை வீட்டில் இரண்டு மூன்று வருடம் இருக்கப் போகிறவர்களுக்கும் ஒத்துவரும். மாதாந்திர ஐந்து மணி நேர நிறுத்தம் உள்ள ஊரில் இதை வாங்காதீர்கள். அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். வாங்கும்போது மிச்சமான பணம் சீக்கிரமே மாற்றும்போது போய்விடும்.

## டியூபுலர்

இதில் நேர்மின் தட்டின் ஈயக் கம்பிகள் நெய்த பாலியஸ்டர் குழாய்களுக்குள் இருக்கின்றன. வேதிப்பொருள் உதிராமல் குழாய் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஆழமாக இறக்கினாலும் தாங்குகிறது. 80 சதவீதம் இறக்கி ஏற்றினால் 1,200 முதல் 1,500 முறை வரை வரும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம்.

தமிழ்நாட்டில் இன்றைய நிலைமைக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு இது பொருத்தம் என்பது என் கருத்து. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அன்றைய நினைவில் இன்றும் பேட்டரி வாங்குகிறோம். இப்போது பல ஊர்களில் மாதம் ஒரு நீண்ட நிறுத்தமும் இடையிடையே சின்னத் தடைகளும்தான். வருடத்துக்கு ஐம்பது முறை காலியாகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் ஐந்து வருடத்தில் 250 முறை. டியூபுலருக்கே அது மிகக் குறைவு. 3,000 முறை தாங்கும் லித்தியத்துக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் டியூபுலரைக் கொல்வது மூன்று விஷயங்கள்: வெப்பம், தண்ணீர்க் குறைவு, அரைகுறைச் சார்ஜ்.

வெப்பத்தில் ஒரு ஏமாற்று உண்டு. கோடையில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். உள்ளே வேதிவினை வேகமாக நடப்பதுதான் காரணம். அதே வேகத்தில் அரிப்பும் நடக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே வைத்த பேட்டரி ஐந்து வருடம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊட்டியில் கதை நேர்மாறு: குளிர்காலக் காலையில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்து தெரியும், ஆனால் ஆயுள் நீளும்.

தண்ணீருக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஏசியின் குளிர்ச்சுருள் மேலிருக்கும் தூசியையும் உலோகத் துணுக்கையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். தயவுசெய்து வேண்டாம். முழுச் சார்ஜ் ஆன பிறகு, மிதவைக் குறி வரை மட்டும் ஊற்றுங்கள். அமிலம் ஒருபோதும் ஊற்றக் கூடாது. உள்ளே ஆவியாவது தண்ணீர், அமிலம் அப்படியே இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: நீருக்கும் டிராலிக்கும் ஆகும் காசு சின்னது. இடம் பெரியது. அமிலத்தோடு ஐம்பது கிலோவைத் தாண்டும் எடை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் மூடிய அலமாரியிலும் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. இதற்கு ஈடாகப் பழைய பேட்டரியைத் திரும்பக் கொடுக்கும்போது ஈயத்துக்குக் கணிசமான தொகை கழித்துத் தருவார்கள். விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## லித்தியம்

வீட்டு இன்வர்ட்டருக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடித்த வகை. போனில் இருக்கும் கோபால்ட் வகையை விட வெப்பத்தில் நிலையானது. "வெடித்துவிடுமோ" என்று அம்மா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். என்ன வகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு அதிகம் சுருங்காது. மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். ஒரே ஆள் தூக்கி வைத்துவிடலாம். தண்ணீர் வேண்டாம், வாயு வராது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பலம் சார்ஜ் ஆகும் விதத்தில் இருக்கிறது. 150 டியூபுலரை 15 ஆம்பியரில் ஏற்றினால் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகத்தான் ஏறும். நாளைக்கு மூன்று முறை கரண்ட் போய், இடையில் நான்கு மணி நேரம் மட்டும் இருக்கும் ஊரில் அந்தக் கடைசிப் பங்கு ஏறுவதே இல்லை. தட்டில் படிந்த ஈய சல்பேட் படிகமாக இறுகிப்போகும். ஒரு வருடத்தில் 150 பேட்டரி 90 போல நடந்துகொள்ளும். வீட்டுக்காரர் கம்பெனியைத் திட்டுவார், கம்பெனி பயன்பாட்டைக் குறை சொல்லும். லித்தியத்துக்கு இந்த நோய் கிடையாது. பாதியில் நின்றாலும் அதற்குக் கவலையில்லை, முழுச் சார்ஜும் 15 ஆம்பியரில் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மின்கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. பேட்டரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க ஈய-அமிலத்துக்கு ஏறக்குறைய 1.3 யூனிட் ஏற்ற வேண்டும், லித்தியத்துக்கு 1.05 போதும். மாதம் நான்கு முறை கரண்ட் போகிற வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. தினமும் இரண்டு யூனிட் எடுக்கும் வீட்டில் வருடத்துக்கு 180 யூனிட் மிச்சம்.

இதன் மறைந்த செலவு இன்வர்ட்டர். பழைய இன்வர்ட்டர்கள் ஈய-அமிலத்துக்கான மின்னழுத்தத்தில் சார்ஜ் செய்பவை; சிலவற்றில் அவ்வப்போது 15 வோல்ட் வரை ஏற்றும் முறையும் உண்டு. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் அதைப் பார்த்ததும் துண்டித்துக்கொள்ளும். இன்வர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டிவரும். அப்போது ஒப்பீட்டு விலையே வேறு. மோட்டார், ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை பிஎம்எஸ் தாங்குமா என்றும் கேளுங்கள். தாங்காவிட்டால் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே வீடு இருண்டுவிடும். உங்கள் ஊரில் பிஎம்எஸ் பழுதுபார்க்க ஆள் இருக்கிறாரா என்பதும் முக்கியம். டியூபுலருக்கு எந்தச் சின்ன ஊரிலும் ஆள் இருக்கிறார்.

பணக் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்த்தேன். டியூபுலர் 15,000, லித்தியம் 30,000 என்று வைப்போம். நிழலில் வைத்துத் தண்ணீர் பார்த்த டியூபுலர் ஐந்து வருடம், லித்தியம் பத்து வருடம் என்றால் இரண்டுமே வருடத்துக்கு 3,000 ரூபாய்தான். "நீண்ட காலத்தில் லித்தியம் மிச்சம்" என்ற பேச்சு தானாக உண்மையாவதில்லை. டியூபுலர் இரண்டு வருடத்தில் செத்துப்போகும் வீட்டில்தான் அது உண்மை.

## நான்காவது வழி: பேட்டரியை விட்டுவிட்டு விசிறியைப் பார்ப்பது

அம்மா வீட்டில் இரண்டரை மணி நேரம் போதவில்லை என்றதும் இன்னொரு பேட்டரி சேர்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 12 வோல்ட் இன்வர்ட்டரில் இரண்டாவதைத் தொடராக இணைக்க முடியாது, 24 வோல்ட் இன்வர்ட்டர் வாங்க வேண்டும். பழையதோடு புதியதை இணையாகப் போட்டால் பழையது புதியதையும் கீழே இழுக்கும்.

அதற்குப் பதிலாக மூன்று விசிறிகளை மாற்றினேன். பழைய விசிறி ஒன்று 75 வாட். பிஎல்டிசி விசிறி (பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடுவது) முப்பது வாட்டைச் சுற்றி. மூன்றுக்கும் சேர்த்து 225 வாட் இருந்த இடத்தில் நூறுகூட இல்லை. நிறுத்த நாளில் டிவி வேண்டாம், இரண்டு விளக்கு போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். மொத்தம் 150 வாட். அதே பேட்டரி இப்போது 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி நிறுத்தத்தைத் தாண்டி, இன்னும் சார்ஜ் மிச்சம் வைக்கிறது. மின்கட்டணமும் தினமும் குறைகிறது. எந்தப் பேட்டரியாலும் இந்த இரண்டாவது காரியத்தைச் செய்ய முடியாது.

அப்புறம் வயர். 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் போகும் கம்பி மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால் அரை வோல்ட் அதிலேயே விழுந்துவிடும். பேட்டரியில் மிச்சம் இருந்தும் இன்வர்ட்டர் குறைந்த மின்னழுத்தத்தைப் பார்த்துச் சீக்கிரம் நின்றுவிடும். இன்வர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டெர்மினலைச் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள்.

## யாருக்கு எது

மாதம் ஒரு நீண்ட நிறுத்தம், 200 வாட்டுக்குள் சுமை, நிழலான இடம், தண்ணீர் பார்க்க ஆள்: டியூபுலர், யோசிக்கவே வேண்டாம்.

தினமும் பலமுறை கரண்ட் போகிறது, இடைவெளி குறைவு: லித்தியம். கடையில் கணினி, பில் இயந்திரம் ஓட்டுபவர்களும் இங்கே வருவார்கள்.

வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், தண்ணீர் ஊற்ற ஆளில்லை: வருடத்துக்கு நான்கு முறை வந்துபோகும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் டியூபுலர், இல்லையென்றால் லித்தியம்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது: அது மட்டுமே 300 வாட்டைத் தாண்டும், தொடர்ந்து ஓடும். லித்தியமே மேல். ஆனால் எந்த இன்வர்ட்டரையும் மட்டும் நம்பாதீர்கள், சிலிண்டர் ஒன்று தயாராக இருக்கட்டும்.

டெல்டா மாவட்டங்களில் புயலுக்காகவே வாங்குகிறீர்கள்: 2018 கஜாவுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மூன்றில் எதுவும் அதற்குப் போதாது. டியூபுலரோடு ஒரு சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்து யோசியுங்கள்.

எதை வாங்கினாலும் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த ஈய-அமில பேட்டரி வீட்டுக்கு வரும் முன்பே கொஞ்சம் செத்திருக்கும். டியூபுலர் என்றால் பொருத்த வருபவரை அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கொண்டுவரச் சொல்லி, முழுச் சார்ஜுக்குப் பிறகு பேட்டரியின் ஆறு அறைகளிலும் அடர்த்தி பாருங்கள். 1.240 அருகே எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே நின்றால் அன்றைக்கே மாற்றிக் கேளுங்கள்.

முதல் வாரத்தில் ஒரு நாள் மெயினை அணைத்து, வழக்கமான சுமையோடு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வாரண்டி பேசப் போகும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும். அம்மா வீட்டில் இன்வர்ட்டருக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறோம், வருடத்துக்கு ஒரு வரி.